மொய் நோட்டிலிருந்து தொடங்கலாம்

குடும்ப வரலாறு எழுதப் போகிறேன் என்று கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டினத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் உங்கள் முப்பாட்டன் ஹைதர் அலி படையில் குதிரை ஏறியிருப்பார். ஊருக்கு அப்படியொரு சரித்திரம் இருக்கத்தான் செய்கிறது. 1767-ல், முதல் மைசூர்ப் போர் தொடங்கிய கையோடு, கம்பெனிப் படை வைத்திருந்த இந்த ஊர்க் கோட்டையை ஹைதர் முற்றுகை போட்டுப் பிடித்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி இந்த ஊரைச் சேர்த்துப் பாராமகால் பகுதி கம்பெனி கைக்குப் போனது. நிலத்தை அளந்து தீர்வை போட அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியாளராக தாமஸ் மன்றோ. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நம் முப்பாட்டன் பெயர்தான் அதில் இல்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்த வேலை எளிது. 1538-லிருந்து அங்கே ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வரச் சொல்லி உத்தரவு. கையளவு கிராமத்துக்கும் நானூறு வருஷப் பெயர்ப் பட்டியல் கிடைத்துவிடுகிறது. நம் பக்கம் அப்படி ஒரே இடத்தில் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் கொடுக்கல் வாங்கல் கணக்குதான். அதுவே போதும் என்பது என் அனுபவம்.

எனக்கு முதலில் கை கொடுத்தது பரணில் கிடந்த மொய் நோட்டு. மேலே பிள்ளையார் சுழி, கீழே கல்யாணத் தேதி, பிறகு வரிசையாக ஊர், பெயர், தொகை. நம் ஆட்கள் ஊரைத்தான் முதலில் எழுதுவார்கள்: பாலக்கோடு, ராயக்கோட்டை, நாகரசம்பட்டி, பண்ணந்தூர், போச்சம்பள்ளி. ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் என்று இறங்கி வரும் வரிசையில் ஒரு பெயருக்கு மட்டும் தொகை எகிறியிருந்தால் அவர் தாய்மாமனாகவோ சம்பந்தியாகவோ இருப்பார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாயிற்று என்று அர்த்தம். அந்த டிக்கை வைத்தே அவர்கள் வீட்டில் எப்போது கல்யாணம் நடந்தது என்று விசாரிக்கலாம்.

ஒரே வீட்டின் அடுத்தடுத்த தலைமுறை நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நோட்டில் பண்ணந்தூர் ஆட்கள் ஒரு பக்கம் நிறைய இருந்தார்கள். அடுத்ததில் ஒருவர்கூட இல்லை. அத்தையிடம் கேட்டேன்.

“அவங்க வூட்டுக்கு நாம போறதில்லப்பா.”

“ஏன் அத்தே?”

“கெணத்துப் பங்குல சண்ட. உங்க தாத்தன் காலத்துக் கத. இப்ப எதுக்கு அது?”

எதற்கு என்றால், கிணற்றுச் சண்டை நடந்தால் பத்திரம் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு எடுத்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில், கிணற்றில் நாலில் ஒரு பங்கு யாருக்கு, எந்த நாள் யார் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று அத்தனையும் இருந்தது. அண்ணன் தம்பி பெயர்களோடு, தகப்பன் பெயரும் அவர் தகப்பன் பெயரும் கிடைத்தன. பத்திரம் கையில் வந்தால் பலர் சொத்து விவரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செக்குபந்தியை விட்டுவிடாதீர்கள். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்று வருகிற பெயர்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள். ஒரே நிலம் துண்டுபட்டுத்தானே அவர்கள் பக்கத்து நிலத்துக்காரர்கள் ஆனார்கள்?

வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்க்கலாம். அங்கே கிடைக்காத பழையதற்கு அலுவலகம்தான் போக வேண்டும். சர்வே எண் மாறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பழைய எண் தெரியாமல் போனால் நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அதுவரை கிராமக் கணக்கைத் தலைமுறையாகப் பார்த்த வீடுகளில் பழைய தாள்கள் இன்னும் கிடக்கலாம். அங்கே போகும்போது சொத்துத் தகராறுக்கு வரவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

தேதி கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. பெரியவர்கள் தமிழ் வருஷப் பெயர் சொல்வார்கள், அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘தாது வருஷத்துல பொறந்தவரு’ என்றால் 1876-ஆ 1936-ஆ? சேலம் ஜில்லாவைச் சூறையாடிய அந்தப் பெரும் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. பஞ்சத்தைச் சேர்த்துச் சொன்னால் முந்தையது. அவருடைய பேரனுக்கு இப்போது என்ன வயது என்று பார்த்தாலும் பிடிபட்டுவிடும். ‘கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடுனப்ப’ என்று யாராவது சொன்னால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூரிலிருந்து வந்த அந்தச் சின்ன ரயில் 1905-லிருந்து 1941 வரைதான் ஓடியது. ‘டேம் கட்டினப்ப’ என்றால் கிருஷ்ணகிரி அணை, 1950-கள், காமராஜர் காலம். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கும் ஊருக்கும் மதிப்புக் கொடுங்கள், பிறந்த தேதிக்கு வேண்டாம். ஊரில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்தது வாத்தியார் கைங்கரியம்.

பெண்களைத் தேடும்போது இந்தக் காகிதங்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடும். மொய் எழுதுவது ஆண் பெயரில், பட்டாவும் ஆண் பெயரில். கொள்ளுப்பாட்டியை வீட்டில் எல்லோரும் பிறந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்தப் பெயர் அவர் பேரன்களுக்கே தெரியவில்லை. இதற்கு உதவுவது காரியப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையில் பெருமைக்காகச் சேர்த்த பெயர்கள் இருக்கும். காரியப் பத்திரிகையில் மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளை என்று முறையோடு, ஊரோடு வரும். அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் பிறகு சாவு வீட்டில் பேச்சு நிற்காது. பழையதெல்லாம் ஆணியில் குத்தி வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள்.

வாய்மொழிக்கு ஏற்ற காலம் மாசி. மகாசிவராத்திரியை ஒட்டி அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடக்கும்போது ஓசூர் கம்பெனிகளிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஊரில் இருப்பார்கள். திருவிழா அன்று எதுவும் கேட்காதீர்கள், பம்பைச் சத்தத்தில் காது கேட்காது. மறுநாள் காலையில், சாப்பிட்டுவிட்டுப் பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காரும் நேரம் தோதானது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கும்போது இரண்டையும் பெயர் போட்டு எழுதுங்கள், தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். ஹைதர் அலி குதிரைக் கதையையும் தனி நோட்டில், சொன்னவர் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன். பொய் என்று தள்ளவும் இல்லை, வம்ச மரத்தில் ஏற்றவும் இல்லை.

பெண்ணேஸ்வரமடம் கோயில் கல்வெட்டுகளையும் வயலோரத்தில் வேடியப்பனாக நிற்கிற நடுகற்களையும் போய்ப் பாருங்கள். சாய்வெயிலில் போட்டோ எடுத்தால் எழுத்து தெரியும், சுண்ணாம்பு தேய்க்க வேண்டாம். அந்த வீரன் நம் வம்சம் என்று உரிமை கொண்டாட மட்டும் கொஞ்சம் கூச்சப்படலாம்.

கிடைத்ததை எல்லாம் கணினியில் பூட்டி வைத்தால் திருத்தம் வராது. நீளத் தாளில் அச்சடித்து, தெரியாத இடங்களைக் காலியாகவே விட்டு, ஒரு காதுகுத்துக்கு எடுத்துப்போய்ச் சுவரில் ஒட்டினேன், பேனாவும் கட்டித் தொங்கவிட்டேன். பந்தி முடிவதற்குள் ஓரமெல்லாம் கிறுக்கல். ஒரு சித்தப்பா தன் தம்பி பெயரை அடித்துவிட்டார். தம்பி வந்து மறுபடி எழுதினார். பண்ணந்தூர் வகையறாவிலிருந்து ஒரு பெண், “எங்க ஆயா பேர் முனியம்மா, நாலு பொண்ணுங்க, ஒண்ணுகூட இதுல இல்லியே அண்ணா” என்றது. அடுத்த அச்சில் மகள் வழியையும் சேர்க்கிறேன். தாள் இரண்டு மடங்கு நீளம் வேண்டும் என்கிறார் அச்சகக்காரர்.