ஆசியாவுக்குத் தனி நாணய நிதியம் இருக்கிறதா?

சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வாசலுக்கே போக வேண்டாம், கிழக்காசியா தனக்கென ஒரு நிதியம் அமைத்துக்கொண்டுவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். அவர்கள் குறிப்பிடுவது, ஆசியான் நாடுகளும் சீனாவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2000 மே மாதம் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தொடங்கிய ஏற்பாட்டை.

நம்பிக்கை: 24,000 கோடி டாலர் தயாராக இருக்கிறது.

உண்மை: அப்படியொரு கஜானா எங்கும் இல்லை. அது வாக்குறுதித் தொகை. ஒவ்வொரு நாட்டின் பங்கும் அதனதன் கையிருப்பிலேயே இருக்கும். ஒரு நாடு கேட்டு, மற்றவர்கள் ஒப்புக்கொண்டால், அதன் சொந்த நாணயத்தை வாங்கிக்கொண்டு டாலர் தருவார்கள். இதுவரை யாரும் எடுத்ததில்லை. 2008இல் டாலர் தட்டுப்பாட்டில் தவித்த தென்கொரியாகூட அமெரிக்க மத்திய வங்கியோடுதான் 3,000 கோடி டாலருக்குப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டது. சியாங் மாய் பணத்தின் பெரும்பகுதியைத் தொட ஐ.எம்.எஃப். திட்டத்துக்குள் போக வேண்டும். 1997 நிதி நெருக்கடியில் ஏற்ற அந்தத் திட்டத்தால் மக்கள் கூட்டம் கூட்டமாக வேலையிழந்த நாடு மறுபடி அங்கே போகுமா?

நம்பிக்கை: ஐ.எம்.எஃப். பிடி அமெரிக்கா திணித்தது.

உண்மை: பாதிதான் சரி. 1997 செப்டம்பரில் ஜப்பான் 10,000 கோடி டாலரில் ஆசிய நாணய நிதியம் ஒன்றை முன்மொழிந்தது. அமெரிக்காவும் ஐ.எம்.எஃப்.பும் எதிர்த்தன, சீனாவும் கைகொடுக்கவில்லை, யோசனை மடிந்தது. ஆனால் சியாங் மாயில் ஒரு நாடு தன் உச்சவரம்பில் 10 சதவீதத்தை மட்டும் ஐ.எம்.எஃப். இன்றிப் பெறலாம் என்ற விதியை விரும்பியவர்கள், பெரும்பணம் தரவேண்டிய ஜப்பானும் சீனாவுமே. மலேசியா அதை ஏற்க மறுத்து வாதாடியது. கடன் கொடுப்பவர் செலவைக் குறை, வட்டியை ஏற்று என்று சொல்லியாக வேண்டும். பழைய போர்க் காயங்கள் ஆறாத பகுதியில் அண்டை நாடு அதைச் சொன்னால் பகைதான் மிஞ்சும். அந்தக் கசப்பான வேலையை வாஷிங்டனில் இருக்கும் ஐ.எம்.எஃப்.பிடமே விட்டுவிட்டார்கள். தன்னாட்சிக்கு உண்மையான தடை இதுவே என்பது என் உறுதியான கருத்து. பணத்துக்கு அங்கே பஞ்சமில்லை.

நம்பிக்கை: அப்படியானால் எல்லாம் வெறும் காகிதம்.

உண்மை: அதுவும் அவசரத் தீர்ப்பு. 10 சதவீதம் 2005இல் 20 ஆனது, 2014இல் 30, 2021இல் 40. தாய்லாந்தின் உச்சவரம்பு 2,276 கோடி டாலர் என்பதால், ஐ.எம்.எஃப். ஒப்புதல் இல்லாமலே அது இன்று சுமார் 910 கோடி டாலர் கேட்கலாம். 1997இல் அந்த நாட்டைக் காக்கப் பல தரப்பும் சேர்ந்து திரட்டியது 1,700 கோடி டாலருக்குச் சற்று அதிகம். சிங்கப்பூரில் 2011 முதல் இயங்கும் ஆம்ரோ என்ற அலுவலகம் உறுப்பு நாடுகளின் நிதிநிலையை ஆண்டுதோறும் ஆராய்கிறது. ஒரு நாட்டின் கணக்கு ஆட்டங்காணும்போது அதை அந்த நாட்டின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவையும் அதிகாரத்தையும் உறுப்பு நாடுகள் அந்த அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். மீதி 60 சதவீதத்தின் கட்டு அவிழ்வது அதைப் பொறுத்தே இருக்கிறது.