சட்டைப் பையில் மறந்துபோன நினைவுகள்

பெருநாள் முடிந்து இரண்டு நாட்களாகிவிட்டன. வந்திருந்த உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். குவிந்து கிடந்த உடுப்புகளையெல்லாம் உம்மா துவைத்துக் கொடியில் போடுகிறார். மாலையில் நானாவின் ஷேர்ட்டை எடுத்து மடிக்கும்போது பைக்குள் ஏதோ கையில் தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்த்தால் கெமராவின் மெமரி கார்ட்! மூத்தம்மாவைச் சுற்றி எல்லோரும் அமர்ந்து எடுத்த படங்கள் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. வீடே ஒரு கணம் அமைதியாகிவிடுகிறது.

இத்தகைய காட்சி நம்மில் பலரது வீடுகளுக்குப் புதியதல்ல. சவர்க்காரத்தில் ஊறி, கல்லில் அடிபட்டு, பிழிந்து, உலர்ந்த ஓர் அட்டையில் படங்கள் எஞ்சியிருக்குமா? பெரும்பாலான வேளைகளில் எஞ்சியிருக்கும் என்பதே விடை. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் ஓர் அழகான விஞ்ஞானப் பாடமும், நாம் அதிகம் சிந்திக்காத ஒரு பொறுப்பும் இருக்கின்றன. அவ்விரண்டையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

சோதித்துப் பார்த்தவர்கள்

2004ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் 'டிஜிட்டல் கெமரா ஷொப்பர்' என்ற சஞ்சிகை ஒரு வேடிக்கையான சோதனையை நடத்தியது. அன்று புழக்கத்தில் இருந்த ஐந்து வகை நினைவக அட்டைகளைக் கோலா பானத்தில் தோய்த்தார்கள். சலவை இயந்திரத்தில் போட்டார்கள். கோப்பியில் அமிழ்த்தினார்கள். சறுக்குப் பலகையால் மிதித்தார்கள். விளையாட்டுக் காரை மேலே ஏற்றினார்கள். இறுதியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்து, "முடிந்தால் உடைத்துப் பார்" என்று விட்டுவிட்டார்கள். இந்த ஆறு சோதனைகளிலும் எல்லா அட்டைகளும் தப்பிப் பிழைத்தன. பெரிய சம்மட்டியால் அடித்தபோதும், மரத்தில் ஆணி வைத்து அறைந்தபோதும்தான் பெரும்பாலானவை செயலிழந்தன. அப்போதும் இரண்டு வகை அட்டைகளிலிருந்து படங்களை மீட்டெடுக்க நிபுணர்களால் முடிந்தது.

2018 மார்ச் மாதத்தில் தாய்வானில் கடற்கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பாடசாலை மாணவர்களுக்குச் சிப்பிகள் ஒட்டிய ஒரு கெமரா கிடைத்தது. ஜப்பானிய மாணவி ஒருவர் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர் இஷிகாக்கித் தீவுக் கடலில் தொலைத்த கெமரா அது. நீர்புகா உறைக்குள் இருந்ததால் கெமராவே இயங்கியது. அட்டையிலிருந்த படங்களைக் கொண்டு உரியவரையும் கண்டுபிடித்தார்கள்.

நீர் ஏன் படங்களைக் கழுவிச் செல்வதில்லை?

கொப்பியில் பேனையால் எழுதியது நனைந்தால் மை கரைந்துவிடும். நினைவக அட்டையில் மை இல்லை. அங்கே இருப்பவை இலத்திரன்கள். சிலிக்கன் என்ற குறைகடத்தியில் அமைந்த கோடிக்கணக்கான நுண்ணிய திரான்சிற்றர்களில் மின்னேற்றம் சிறைவைக்கப்படுகிறது. அந்தச் சிறையைச் சுற்றிக் காவலிப் பொருளாலான சுவர் இருக்கிறது. எந்த அறையில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்பதே 0, 1 என்ற எழுத்துகளாக வாசிக்கப்படுகிறது. மூத்தம்மாவின் புன்னகையும் இந்த 0, 1களின் நீண்ட வரிசைதான்.

இதற்கு அடிப்படையான 'மிதக்கும் படலை' என்ற அமைப்பை 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் உருவாக்கினர். அதைக் கொண்டு இன்றைய 'பிளாஷ்' நினைவகத்தை 1980களில் ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோக்கா ஆக்கினார். எஸ்டி அட்டையை 1999இல் சான்டிஸ்க், பனசொனிக், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அறிமுகம் செய்தன.

மின் இல்லாமலே மின்னேற்றத்தைக் காத்துவைப்பது இந்த நினைவகத்தின் சிறப்பு. சலவைத் தொட்டிக்குள் இருக்கும்போது அட்டைக்கு மின் வழங்கல் கிடையாது. சிலிக்கன் சில்லு கெட்டியான எபொக்சி பிசினுக்குள் புதைந்திருக்கிறது. நீர் தொடக்கூடியது வெளியே தெரியும் பொன்முலாமிட்ட தொடுமுனைகளைத்தான். மைக்ரோ எஸ்டி 15 மில்லிமீற்றர் நீளமும் 11 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒரே கட்டியாக வார்க்கப்படுவதால் நீர் புகுவதற்கு அதில் இடைவெளியே இல்லை. பெரிய எஸ்டி அட்டையின் ஓடு இரண்டு பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டியது. ஆகவே ஓரங்கள் வழியாக ஈரம் உள்ளே போய்த் தங்கக்கூடும்.

உண்மையான பகைவர்கள்

நனைவதால் அழியாத அட்டை, நனைந்த பிறகு நாம் செய்வதால் அழிந்துபோகலாம்.

முதலாவது பகைவன் அவசரம். "படம் இருக்கிறதா பார்ப்போம்" என்று ஈரம் காயும் முன்னர் அட்டையைக் கெமராவிலோ போனிலோ போடுகிறோம். உடனே ஏறக்குறைய 3.3 வோல்ற்று மின் அதற்குள் பாய்கிறது. தூய நீர் மின்னை நன்றாகக் கடத்தாது. ஆனால் சவர்க்காரமும் உப்பும் கலந்த நீரில் அயன்கள் இருக்கின்றன. விஞ்ஞான பாடத்தில் நாம் படித்த மின்பகுப்பு அந்தச் சிறு தொடுமுனைகளுக்கிடையே நடக்கத் தொடங்குகிறது. உலோகம் அரிக்கப்படுகிறது. குறுஞ்சுற்று ஏற்பட்டால் அட்டையோடு கெமராவும் பழுதடையலாம்.

இரண்டாவது பகைவன் வெப்பம். பல அட்டைகள் 85 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். துவைக்கும் நீர் அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் பண்டாரவளையின் மழைக்காலம் நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்காக மூடுபனி, உடுப்பு காயாது. காலையில் பாடசாலைக்குப் போக வேண்டுமென்று அரைகுறை ஈரத்தோடு அயன் பண்ணுகிறோம். பருத்தித் துணிக்கு வைக்கும் அயன் பெட்டியின் அடித்தட்டு 200 பாகை அளவுக்குச் சூடாகும். பைக்குள் அட்டை இருந்தால் பிளாஸ்ரிக் ஓடு உருகி நெளிந்துவிடும். லயன் வீடுகளில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தும்போதும் அனலுக்கு மிக அருகில் பை தொங்கினால் ஆபத்துதான். வெப்பம் கூடக்கூடச் சிறைப்பட்ட இலத்திரன்கள் கசிந்து வெளியேறும் வேகமும் கூடுகிறது.

மூன்றாவது பகைவன் அடியும் முறுக்கும். சலவை இயந்திரத்தைவிடத் துவைக்கும் கல் கடுமையானது. ஓங்கி அடிக்கும்போது அட்டை வளைந்து உள்ளேயிருக்கும் சில்லு வெடித்தால் அதை மீட்பது மிகக் கடினம்.

நனைந்துவிட்டால் என்ன செய்வது?

1. எதிலும் போட்டுப் பார்க்க வேண்டாம். பொறுமையே முதல் மருந்து.

2. சவர்க்காரம் காய்ந்து படிவதற்குள் சுத்தமான நீரில் மெதுவாக அலசுங்கள். பின்னர் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசினால் இன்னும் நல்லது. வாகன பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கப்படும் நீர் இதற்குப் போதும். ஆனால் போத்தலில் இருப்பது பற்றரி அமிலம் அல்ல, நீர்தான் என்பதைப் பெரியவர் ஒருவர் வாசித்து உறுதிசெய்ய வேண்டும்.

3. நூல் பிரியாத மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

4. காற்றோட்டமுள்ள நிழலில் குறைந்தது இரண்டு நாள் உலர விடுங்கள். மழைக்காலமென்றால் இன்னும் ஒரு நாள் கூட்டுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடிய டப்பாவில் வைக்கலாம். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தால் பெரிய பயன் இல்லை. மாவுத்தூள் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம்.

5. முதலில் கெமராவில் போடாமல், விலை குறைந்த கார்ட் ரீடர் ஒன்றில் போட்டுக் கணினியில் பாருங்கள். பழுதானாலும் இழப்பு சிறியது.

6. படங்கள் தெரிந்தால் உடனே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். அதன் பின்னர் அந்த அட்டையை முக்கியமான எதற்கும் நம்ப வேண்டாம்.

7. "ஃபோர்மட் செய்யவா?" என்று கணினி கேட்டால் "இல்லை" என்றே சொல்லுங்கள். புதிதாக எதையும் பதியவும் வேண்டாம்.

ஒரு கதை நிரூபணமாகுமா?

"எங்கள் வீட்டிலும் ஒன்று நனைந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். மாணவிகளே, இங்கே சற்றுக் கவனம் தேவை. பிழைத்த அட்டையைப் பற்றி எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். பிழைக்காத அட்டை குப்பைக்குப் போய்விடுகிறது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எனவே நம் காதில் விழும் கதைகளை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும். 2004இன் சோதனையும் அக்காலத்து அட்டைகளில் செய்யப்பட்டது. இன்றைய அட்டைகள் பலவற்றில் ஒரே அறைக்குள் மூன்று, நான்கு பிற் தகவல்கள் நெருக்கி வைக்கப்படுகின்றன. கொள்ளளவு கூடியிருக்கிறது, ஆனால் தவறுக்கு இடங்கொடுக்கும் வெளி குறைந்திருக்கிறது. "பெரும்பாலும் பிழைக்கும்" என்பதும் "என் அட்டை பிழைக்கும்" என்பதும் ஒன்றல்ல.

மறுபக்கம்: அழியாமையும் ஓர் ஆபத்து

இதுவரை அட்டையின் உறுதியைக் கண்டு ஆறுதல் அடைந்தோம். அதே உறுதியை இப்போது வேறு கண்ணால் பார்ப்போம்.

நனைந்து வேலை செய்யாமற் போன அட்டையை "இது செத்துவிட்டது" என்று குப்பையில் எறிகிறோம். கணினி வாசிக்கவில்லை என்பதற்காகப் படங்கள் இல்லையென்று ஆகிவிடாது. தொடுமுனையில் படிந்த அழுக்கைத் துடைத்ததும் அது மீண்டும் வேலை செய்யக்கூடும். நாம் 'டிலீட்' செய்த படங்களும் அப்படித்தான். அழிக்கும்போது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கந்தான் கிழிக்கப்படுகிறது. உள்ளே பாடங்கள் இருந்தபடியே இருக்கின்றன. மேலே வேறு பதிவு எழுதப்படும் வரை அவற்றை மீட்க மென்பொருள்கள் உண்டு.

நம் வீட்டு அட்டைகளில் என்ன இருக்கிறது? திருமண வீட்டில் பெண்கள் மட்டும் கூடியிருந்த படங்கள், மருதோன்றி இரவின் சிரிப்புகள், குழந்தைகளின் படங்கள், அடையாள அட்டையின் பிரதி. வெளியார் பார்க்கக்கூடாதென்று நாம் காத்துவந்தவை. நம்மை நம்பிப் படத்துக்கு நின்ற ஒவ்வொருவரின் முகமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அட்டை நமக்குச் சொந்தமானாலும் அதிலிருக்கும் முகங்கள் நமக்கு மட்டும் சொந்தமல்ல.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அட்டையைத் திருத்தக் கொடுக்க நேர்ந்தால் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்களே கூடச் செல்லுங்கள். நம்பிக்கையானவரிடம் மட்டும் கொடுங்கள். முடிந்தால் வேலை முடியும் வரை அருகில் இருங்கள். கடையின் கணினியில் பிரதி எதுவும் தங்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். இனி வேண்டாத அட்டையை எறிவதற்கு முன்னர், கத்தரியால் நடுவே சில்லோடு சேர்த்துத் துண்டாக்கிவிடுங்கள். பெரிய எஸ்டி அட்டையென்றால் ஓட்டைத் திறந்து உள்ளேயிருக்கும் சில்லை நொறுக்க வேண்டும்.

நம் மலையில் நினைவுகளைக் காப்பது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைச் சந்தித்தது. இத்தகைய நாட்களில் உயிரே முதன்மை. படத்துக்காகவோ பொருளுக்காகவோ எவரும் திரும்பிப் போகக்கூடாது. ஆனால் உயிர் தப்பியவர்கள் பிறகு தேடுபவற்றில், இல்லாமற் போனவர்களின் ஒரு படமும் இருக்கிறது. 2011இல் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கிய பின்னர் சேற்றில் கிடந்த புகைப்படங்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, உரியவர்களிடம் சேர்க்க முயன்றார்கள். ஒரு படத்தின் பெறுமதியை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

எனவே திரும்பிப் போக வேண்டிய தேவை வராதபடி முன்னரே ஒழுங்கு செய்வதுதான் அறிவு. ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். பெருநாள், திருமணம் முடிந்த அன்றிரவே பிரதி எடுக்கும் பழக்கம் வரட்டும். மத்திய கிழக்கில் உழைக்கும் தாய் பிள்ளைகளுக்கு அனுப்பிய குரல் பதிவும் இதில் அடங்கும். அட்டையில் மின்னேற்றம் என்றென்றும் தங்கியிருப்பதில்லை. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய ஒன்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மிக முக்கியமான சில படங்களைக் காகிதத்திலும் அச்சிட்டு வையுங்கள்.

முதலில் பார்த்த அந்த வீட்டுக்குத் திரும்புவோம். நானா அட்டையை உடனே கெமராவில் போடப் போகிறார். உம்மா அவரைத் தடுக்கிறார். தங்கச்சி சுத்தமான நீரில் அதை அலசி, துணியில் ஒற்றி, டப்பாவில் வைக்கிறாள். மூன்றாம் நாள் திரையில் மூத்தம்மா சிரிக்கலாம், சிரிக்காமலும் போகலாம். இறைவன் நாடினால் கிடைக்கும். ஆனால் அடுத்த சலவை நாளில் தொட்டிக்குள் உடுப்பைப் போடும் முன்னர், அந்த வீட்டில் ஒருவர் எல்லாப் பைகளையும் கைவிட்டுப் பார்ப்பார் என்பது மட்டும் நிச்சயம்.