சொல்லிவிட்டு வராத வாடிக்கையாளர் – டிஸ்னிலாந்து கையாளும் முறை

கடன் வாங்கிக் கொடுக்காமல் போகிற வாடிக்கையாளரைப் பற்றி நமது இதழில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. இம்முறை வேறொரு வகையினரை எடுத்துக்கொள்வோம். இவர் பணத்தை முன்கூட்டியே முழுவதும் கட்டிவிட்டவர். நல்லவர், நாணயமானவர். "இன்ன தேதி வருகிறேன், எனக்கு இடம் வையுங்கள்" என்று சொல்வார், அன்றைக்கு வரமாட்டார். இவரால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் நேரடியாகத் தெரியாது என்பதுதான் தொல்லை.

இந்தத் தொல்லையை மிகப் பெரிய அளவில் சந்தித்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலாந்து. 1955ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. அங்கே நெடுங்காலமாக ஆண்டுச் சீட்டு முறை உண்டு. ஒருமுறை தொகையைக் கட்டிவிட்டால், சீட்டின் வகைக்கு ஏற்ப, விலக்கப்பட்ட நாட்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும் வேண்டியபோது போய் வரலாம். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மாலையில் அலுவலகம் முடிந்து இரண்டு மணி நேரம் உலாவிவிட்டு வீடு திரும்புகிறவர்களும் இருந்தார்கள்.

கொரோனா காலத்தில், 2020 மார்ச் மாதம் பூங்கா மூடப்பட்டது. 2021 ஜனவரியில் பழைய ஆண்டுச் சீட்டுத் திட்டத்தையே முடித்துக்கொண்டார்கள். 2021 ஏப்ரல் 30ஆம் தேதி மறுபடி திறந்தபோது, உள்ளே வருகிற ஒவ்வொருவரும் சீட்டு வாங்குவதோடு எந்த நாள் வருகிறார் என்று முன்பதிவும் செய்ய வேண்டும் என்றாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் 'மேஜிக் கீ' என்ற பெயரில் புதிய ஆண்டுச் சீட்டு வந்தது. நான்கு வகை. விலை 399 டாலரில் தொடங்கி 649, 949, 1,399 டாலர் வரை. கலிபோர்னியா வாசிகள் ஒரு பகுதியை முதலில் கட்டி மீதியை மாதத் தவணையாகச் செலுத்தவும் வழி செய்தார்கள்.

இங்கேதான் வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. சீட்டுக்குத்தான் பணம், முன்பதிவு இலவசம். இலவசமாகக் கிடைப்பதை மனிதர் என்ன செய்வார்? எடுத்து வைத்துக்கொள்வார். வருகிற சனி, அதற்கடுத்த சனி, பண்டிகை வாரம் என்று நல்ல நாட்களையெல்லாம் பிடித்து வைப்பார். போனால் போகலாம், போகாவிட்டால் என்ன? கையிலிருந்து காசா போகிறது? மழை வந்தாலும் வரமாட்டார், மாமியார் வந்தாலும் வரமாட்டார். ரத்து செய்ய வேண்டும் என்ற நினைப்பே எழாது.

அவர் வராததால் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் போகவில்லை என்பது சரி, அது முன்பே வந்துவிட்டது. ஆனால் உள்ளே வந்திருந்தால் சாப்பிட்டிருப்பார், குழந்தைக்குத் தொப்பி வாங்கியிருப்பார். அது போயிற்று. இத்தனை பேர் வருவார்கள் என்று ஆட்களையும் உணவையும் ஏற்பாடு செய்தது வீண். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, அதே நாளுக்கு உண்மையாகவே வர விரும்பிய இன்னொருவருக்கு "இடம் இல்லை" என்று சொல்லி அனுப்பியது. அவரும் இதே சீட்டுக்குப் பணம் கட்டியவர்தான். அவருடைய கோபம் வராதவர் மீது திரும்பாது, பூங்கா மீதுதான் திரும்பும்.

பணம் கட்டியவர் ஏன் வராமல் இருக்கிறார் என்பதைப் பேராசிரியர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் கூர்வில், திலீப் சோமன் என்ற இருவர் 2002இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிக இதழில் எழுதிய கட்டுரையில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தின் வருகைக் கணக்கைக் காட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தா கட்டுகிறவர்கள், கட்டிய கையோடு அடிக்கடி வருகிறார்கள். பிறகு வருகை குறைந்துகொண்டே போகிறது. அடுத்த தவணை கட்டியதும் மறுபடி ஏறுகிறது. மாதா மாதம் கட்டுகிறவர்கள் மட்டும் ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக வருகிறார்கள். கொடுத்த பணத்தின் வலி நாளாக ஆக ஆறிவிடுகிறது. வலி ஆறினால் அக்கறையும் குறைகிறது. நம் கடைகளில் மொத்தமாக முன்பணம் கட்டியவர் சரக்கை எடுக்க மெதுவாகவும், நேற்று கட்டியவர் அவசரமாகவும் வருவது ஏன் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

டிஸ்னிலாந்து என்ன செய்தது? புதிய சீட்டுடன் ஒரு விதியையும் அறிவித்தது. 2019இல் கொண்டுவந்த ஒரு வகைச் சீட்டில் ஏற்கனவே சோதித்துப் பார்த்த விதிதான். முன்பதிவு செய்த நாளுக்கு முந்தைய நாள் இரவு 11.59 மணிக்குள் ரத்து செய்துவிட்டால் ஒன்றுமில்லை. ரத்தும் செய்யாமல், வராமலும் இருந்தால் அது ஒரு 'வராமை' என்று குறிக்கப்படும். 90 நாட்களுக்குள் மூன்று வராமை சேர்ந்தால், அடுத்த 30 நாட்களுக்குப் புதிதாக முன்பதிவு செய்ய முடியாது.

ஒருவர் அக்டோபர் 3ஆம் தேதி வரவில்லை, நவம்பர் 10 வரவில்லை, டிசம்பர் 20ஆம் தேதியும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலுக்கும் கடைசிக்கும் இடையே 78 நாட்கள். ஆகவே ஜனவரி மூன்றாம் வாரம் வரை அவருக்குப் புதிய பதிவு கிடையாது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இடம் பிடிக்கலாம் என்றிருந்த ஆசை போயிற்று. ஒரு டாலர்கூட அபராதம் இல்லை.

இத்துடன் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய பதிவுகளுக்கு வரம்பு வைத்தார்கள். தொடங்கியபோது, விலை அதிகமான இரண்டு சீட்டுகளுக்கு 6, அடுத்ததற்கு 4, கடைசிச் சீட்டுக்கு 2. ஒன்றைப் பயன்படுத்தினால் அல்லது விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததைப் பிடிக்கலாம். என் அபிப்பிராயத்தில் தண்டனையைக் காட்டிலும் இந்த வரம்புதான் அதிக வேலை செய்கிறது. பிடித்து வைத்திருக்கும் வேண்டாத நாளே அவரை உறுத்தும். தானே ரத்து செய்வார்.

அபராதம் போட்டுவிடலாமே என்று நம்மில் பலர் நினைப்போம். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்ததைக் கேளுங்கள். மாலையில் குழந்தையை அழைத்துப் போகப் பெற்றோர்கள் தாமதமாக வந்துகொண்டிருந்தார்கள். ஊரி நீஸி, ஆல்டோ ருஸ்திகினி என்ற பொருளாதார அறிஞர்கள் பத்துக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஆறில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று வைத்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை. ஏறக்குறைய இரட்டிப்பானது! அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சப்பட்டவர்கள், பத்து ஷெக்கல் கொடுத்தால் தீர்ந்தது என்று எண்ணிவிட்டார்கள். பிறகு அபராதத்தை எடுத்துவிட்டபோதும் பழைய கூச்சம் திரும்பவில்லை. இந்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று.

ஆண்டுச் சீட்டுக்காரரிடம் ஐந்து டாலர் அபராதம் கேட்டால், அவரும் ஐந்து டாலருக்கு ஒரு நல்ல சனிக்கிழமையை வாங்கி வைத்துக்கொள்வார். பதிவு செய்யும் உரிமையை நிறுத்தினால் அப்படி வாங்க முடியாது. அவர் ஆசைப்படுவது எதுவோ அதையே சில நாள் நிறுத்தி வைக்கிறார்கள். ஒருமுறை, இரண்டு முறை தவறினால் பொறுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் யாருக்கும் காய்ச்சல் வரும், வண்டி பழுதாகும். மூன்றாவது முறைதான் பழக்கம் என்று கணக்கு.

ஆனால் கட்டுப்பாடு வாடிக்கையாளருக்கு மட்டும்தானா? 1,399 டாலர் விலையுள்ள 'ட்ரீம் கீ' சீட்டுக்கு விலக்கு நாட்களே இல்லை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வாங்கியவர்கள் பதிவு செய்யப் போனால், சில நாட்களில் அந்தச் சீட்டுக்கு இடம் இல்லை என்று வந்தது. அதே நாளுக்குத் தினச் சீட்டு விற்பனைக்கு இருந்தது என்பது அவர்களின் புகார். 2021 இறுதியில் வழக்குப் போட்டார்கள். 2023இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சீட்டு வாங்கியிருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். சொன்ன நாளில் வராத வாடிக்கையாளரைக் கண்டிக்கிற கடைக்காரர், "எப்போது வேண்டுமானாலும் வாங்க" என்று சொன்ன தம் சொல்லையும் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

புளோரிடா மாநிலத்தில் அதே நிறுவனத்தின் பூங்காக்களில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து ஆண்டுச் சீட்டுக்காரர்கள் பிற்பகல் 2 மணிக்கு மேல் பதிவு இல்லாமலே வரலாம் என்று தளர்த்தினார்கள். ஒரே ஒரு பூங்காவுக்கு மட்டும் சனி, ஞாயிறில் இந்தச் சலுகை இல்லை. 2024 ஜனவரியிலிருந்து, தேதி குறித்த சாதாரணச் சீட்டுக்குத் தனிப் பதிவு தேவையில்லை என்றும், ஆண்டுச் சீட்டுக்காரர்களுக்குப் பதிவே வேண்டாத நாட்கள் சில என்றும் ஆயிற்று. நெரிசல் இல்லாத நேரத்துக்கு ஏன் கட்டுப்பாடு? பதிவே இல்லாத நாளில் 'வராமை' என்ற குற்றமும் இல்லையே.

இனி நம் கடைக்கு வருவோம். பலசரக்குக் கடையில் ஆண்டுச் சீட்டு கிடையாது. ஆனால் "எடுத்து வையுங்கள்" என்ற சொல் உண்டு. பொங்கலுக்கு முந்தைய வாரம் வெல்லத்துக்கும் பச்சரிசிக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் மொத்தக் கடையில் தொலைபேசியிலும் இப்போது வாட்ஸ்அப்பிலும் சொல்லி வைப்பது வழக்கம். ஒரே கடைக்காரர் மூன்று மண்டியில் சொல்லி வைப்பார், ஒன்றில் மட்டும் எடுப்பார். விலை ஏறினால் விடியற்காலையிலேயே வண்டியோடு நிற்பார். இறங்கினால் தொலைபேசியை எடுக்கமாட்டார். பொங்கல் கழிந்த வெல்லத்தின் கதி உங்களுக்குத் தெரியாததல்ல. ஈரக்காற்றில் இளகி, சாக்கு ஒட்டிக்கொண்டு, விலை பாதிக்கு வந்துவிடும். அதே சிப்பத்தைக் கேட்டு வந்த இன்னொருவரை "எல்லாம் சொல்லி வைத்தாயிற்று" என்று முதல் நாள் திருப்பியனுப்பியிருப்போம்.

வராதவர்கள் இருப்பார்கள் என்ற கணக்கில், இருப்பதைவிட அதிகம் பேருக்குச் சொல்லிவிடுவது ஒரு வழி. விமானக் கம்பெனிகள் அப்படித்தான் இருக்கைக்கு மேல் சீட்டு விற்கிறார்கள். ஆயிரக்கணக்கான பயணிகளின் பழைய கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றி, ஈட்டுத்தொகையும் கொடுப்பார்கள். நாற்பது வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு நாம் ஒரே மூட்டையை இரண்டு பேருக்குச் சொன்னால், இருவரும் வந்து நிற்கிற நாளில் ஒருவர் நிரந்தரமாக அடுத்த கடைக்குப் போய்விடுவார். இது நமக்கு ஒத்துவராது.

ஒத்துவரக்கூடியது அனஹைம் முறைதான். பண்டிகை வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். சாதாரண நாளில் துவரம்பருப்புக்கு இதெல்லாம் வேண்டாம். முன்பணம் அதிகம் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் பழைய வாடிக்கை முகம் சுளிக்கும். ஒருவருக்கு ஒரு சமயத்தில் இத்தனை சிப்பம்தான் சொல்லி வைக்கலாம் என்று வரம்பு. எடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் கடை சாத்துவதற்குள் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வருத்தமில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வருகிறவரிடம் முகத்தைக் காட்டாமல் இருப்பது மிக முக்கியம். நம் ஆட்கள் ஒருமுறை கடுமையாகப் பேசிவிட்டால், அடுத்த முறை அவர் சொல்லாமலே இருந்துவிடுவார். முதல் நாள் மாலை கடைப் பையனை விட்டு எல்லாருக்கும் ஒரு ஞாபகச் செய்தி அனுப்பச் சொல்லலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மூன்று முறை சொல்லாமல் விட்டவருக்கு அடுத்த பண்டிகையில் எடுத்து வைப்பது இல்லை. சரக்கு கொடுக்கமாட்டோம் என்று அர்த்தமல்ல. நேரில் வந்தால், இருப்பதை, அன்றைய விலைக்குத் தாராளமாக எடுத்துப் போகலாம். இதைக் கோபமாகச் சொல்லவும் தேவையில்லை. பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே தேதி போட்ட மூன்று குறிகளைக் காட்டினால் போதும். மச்சினன் கடையாக இருந்தாலும் குறி குறிதான். ஒருவருக்கு விட்டால் மற்றவர்களுக்கு நாலு நாளில் தெரிந்துவிடும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. எடுத்து வைத்த சிப்பத்தின் மீது பெயரும், எதுவரை வைத்திருப்போம் என்ற நாளும் நேரமும் எழுதிய அட்டை கட்டியிருக்க வேண்டும். அந்த நேரம் வரை, பக்கத்து ஊர்க்காரர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று கல்லாப் பெட்டி முன்னால் வந்து நின்றாலும், அது அட்டையில் பெயர் உள்ளவருடைய சரக்கு.