சிற்றலை கேட்கும் கலை

தோட்டங்களில் வளர்ந்த நம்மவர் பலருக்குக் கடல் கடந்த உலகை முதலில் அறிவித்தது வானொலிப் பெட்டியே. 1941ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30ஆம் நாள் சிற்றலையில் ஓய்ந்தது. அத்துடன் பெட்டியையும் மூடிவைத்தோர் பலர். அது தவறு, பல நாட்டு நிலையங்கள் இன்றும் சிற்றலையில் ஒலிக்கின்றன.

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகள் வானிலுள்ள அயனி மண்டலத்தில் வளைந்து பூமிக்கு மீள்கின்றன. ஆகலின் நமுனுகுல மலையடிவாரத்திலிருந்தும் தொலைநாடுகளைக் கேட்கலாம். பகலில் உயர்ந்த அதிர்வெண்களையும் இரவில் தாழ்ந்தவற்றையும் தேடுக. மின்விளக்குகளும் கணினிகளும் எழுப்பும் இரைச்சலே இன்றைய பெரும்பகை. வீடுகள் நெருங்காத தோட்டப்புறங்களில் அது குறைவு. இது நமக்கு வாய்த்த பேறு.

கேட்டதை உடனே குறிப்பேட்டில் எழுதுக: நாள், உலகப் பொதுநேரம், அதிர்வெண், நிகழ்ச்சி விவரம். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் பொதுநேரம் கிடைக்கும். ஒலியின் வலிமை, பிற நிலைய இடையூறு, இரைச்சல், அலையின் ஏற்றத்தாழ்வு, மொத்தத் தரம் என்னும் ஐந்தையும் 1 முதல் 5 வரை மதிப்பிடுவதே சின்போ முறை. இவ்வறிக்கையைப் பெறும் நிலையங்கள் பல, கியூ.எஸ்.எல். என்னும் சான்றட்டை அனுப்பும்.

எழுதுவோர் அருகினால், கேட்போரே இல்லையென்று நிலையங்கள் கருதும். பழைய மாணவர்காள், உறங்கும் பெட்டியை ஓர் இளைய மாணவருக்கு அளியுங்கள். முதலிரவு உடனிருந்து முள்ளைத் திருப்பக் காட்டுங்கள். நாம் கற்றதும் அவ்வாறே.