நேரமில்லாப் பெற்றோரும் நெஞ்சம் பதறும் பிள்ளையும்

நம் சமுதாயத்து வீடுகள் பலவற்றில் இன்று ஓய்வு என்பது அரிதாகிவிட்டது. தந்தை துபாயிலோ ரியாதிலோ உழைக்கிறார். உள்ளூரில் இருப்பவரும் காலையில் கடை திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். தாயோ அடுப்படி, முதியோர் பணிவிடை, சின்னப் பிள்ளைகள் என்று சுழல்கிறார். வேலைக்குச் செல்லும் தாய்மாரும் உண்டு. இந்த ஓட்டத்தின் நடுவே, 12-ஆம் வகுப்பு படிக்கும் மகன் தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே அவன் கை வியர்க்கிறது. 10-ஆம் வகுப்பு மகள் இரவெல்லாம் உறங்காமல் புரள்கிறாள். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாள்.

இதற்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில் என்ன? "எல்லாம் சோம்பல்" என்பார் ஒருவர். "தொழுகை சரியில்லை, ஈமான் பலவீனம்" என்பார் இன்னொருவர். "கண்ணேறு பட்டிருக்கிறது" என்பார் மூன்றாமவர். மூவருமே பிள்ளையிடம் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள்!

அச்சம் பாவமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். அஞ்சுவது ஈமான் இல்லாததற்கு அடையாளமல்ல. கைத்தடி பாம்பாக நெளிந்தபோது மூஸா (அலை) அவர்கள் அஞ்சியதைத் திருமறையே சொல்கிறது. மகனைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதையும் அது மறைக்கவில்லை. கவலையை விட்டும் துயரத்தை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி துஆச் செய்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபிமார்களுக்கே நேர்ந்ததை நம் பிள்ளைக்கு மட்டும் குற்றமாக்குவது எந்த நியாயம்?

அன்னையார் காட்டிய வழி

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபின் நாயகம் (ஸல்) அவர்கள் நெஞ்சம் நடுங்க இல்லம் திரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். வஹீயின் மகத்துவத்தோடு எதையும் ஒப்பிட நமக்குத் தகுதியில்லை. ஆனால் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அந்நேரம் நடந்துகொண்ட முறையில் நமக்குப் பாடம் இருக்கிறது. அவர்களும் வேலையற்று இருந்தவர்கள் அல்லர். ஷாம் தேசம் வரை வணிகச் சரக்கு அனுப்பிய சீமாட்டி, குடும்பத்தலைவி. அவர்கள் செய்தவை நான்கு: முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்தபின் செவி கொடுத்துக் கேட்டார்கள். பிறகு நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். கடைசியாக, வேதம் அறிந்த வரகா இப்னு நவ்ஃபல் என்ற பெரியவரிடம் அழைத்துச் சென்றார்கள். நாமோ முதல் மூன்றையும் விட்டுவிட்டு நேராக உபதேசத்தில் இறங்குகிறோம்.

முதலாவது: போர்த்துதல்

திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, "செத்துவிடுவேன் போலிருக்கிறது" என்று பிள்ளை பதறும்போது விசாரணை வேண்டாம். இப்படிப்பட்ட பீதி சில நிமிடங்களில் உச்சத்திற்கு ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தானாகவே தணியும். அருகில் அமருங்கள். குரலைத் தாழ்த்துங்கள். மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லி, நீங்களும் கூடவே செய்யுங்கள். முதல் தடவை இப்படி வந்தாலோ, நெஞ்சு வலியோ மயக்கமோ இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

உறக்கமும் ஒரு போர்வையே. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. இரவு 12 மணிவரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு அதிகாலையில் டியூஷனுக்கு ஓடும் பிள்ளையின் மனம் எப்படி அமைதியாக இருக்கும்? இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், பெற்றோருடையதும் சேர்த்து, கூடத்தில் ஓரிடத்தில் உறங்கட்டும்.

இரண்டாவது: செவி கொடுத்தல்

"எங்களுக்கு ஏது நேரம்?" என்று கேட்பீர்கள். மணிக்கணக்கு தேவையில்லை. நாள்தோறும் 15 நிமிடம், தவறாமல், வேறு வேலை கலக்காமல் கொடுத்தால் போதும். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, தாயோடு வெங்காயம் உரிக்கும்போதும், வாப்பாவின் பின்னால் மோட்டார் சைக்கிளில் போகும்போதும் பேசிவிடும்.

வளைகுடாவில் இருக்கும் தந்தையர் கவனிக்க வேண்டும். துபாயில் இரவு 10 மணி என்றால் நம் ஊரில் 11.30, அது பிள்ளை உறங்கும் நேரம். சுபுஹுக்குப் பின் அங்கே 5.30 மணிக்கு அழைத்தால் இங்கே 7 மணி. அழைத்ததும் "மார்க் எவ்வளவு?" என்று தொடங்காதீர்கள். "நேற்று எது உனக்குக் கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் உடனே புத்தி சொல்லாமல், "அப்படியா, அது பாரமாகத்தான் இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். ஏழு கடல் தாண்டியும் அந்த ஒரு வார்த்தை போய்ச் சேரும்.

மூன்றாவது: தேற்றுதல்

அன்னையார் வெறுமனே "பயப்படாதீர்கள்" என்று சொல்லி நிறுத்தவில்லை. உறவைப் பேணுவது, பலவீனரின் சுமையைத் தாங்குவது, விருந்தினரை உபசரிப்பது என்று நடந்த நற்செயல்களை எடுத்துக் காட்டினார்கள். நாமும், "நேற்று நடுக்கத்தோடுதான் பள்ளிக்குப் போனாய், ஆனாலும் போனாய்" என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்டலாம். பெரியம்மா மகனின் மதிப்பெண்ணை எடுத்து ஒப்பிட வேண்டாம்.

தேற்றுவது என்றால் அஞ்சும் காரியங்களை எல்லாம் தவிர்க்கவிடுவதல்ல. ஒதுங்க ஒதுங்க அச்சம் வளரும். பள்ளிக்குப் போக அஞ்சும் பிள்ளை முதல் நாள் வாசல் வரை, அடுத்து ஒரு பாடவேளை, பிறகு அரைநாள் என்று படிப்படியாகச் செல்லட்டும். ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது பெற்றோரின் வேலை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

சில பிள்ளைகளுக்கு இந்த அச்சம் வணக்கத்திலேயே புகுந்துகொள்கிறது. ஒளூ கூடியதா என்று அரைமணி நேரம் கழுவுகிறார்கள். தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. அதை ஒருமுறை அன்போடு விளக்குங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் "கூடிவிட்டது, கூடிவிட்டது" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் வஸ்வாஸ் இன்னும் வேர்விடும். அது நாளின் பெரும்பகுதியை விழுங்குமானால் பக்தி என்று மகிழ வேண்டாம். சிகிச்சைக்குரிய நோய் என்று அறியுங்கள்.

நான்காவது: அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல்

கலக்கம் வாரக்கணக்கில் நீடித்து, உணவு, உறக்கம், பள்ளி மூன்றையும் கெடுக்குமானால் தாமதிக்கக் கூடாது. இரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பைத் தரும் என்பதால் முதலில் பொது மருத்துவரிடம் காட்டி, பிறகு மனநல மருத்துவரை நாடலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். "வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் அது மிரட்டல் என்று ஒதுக்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

"ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்குச் சம்பந்தம் வருமா?" என்று அஞ்சி மறைப்போர் உண்டு. மருத்துவர் நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சட்டப்படிக் கடமைப்பட்டவர். மேலும் இது நமக்குப் புதிய கல்வியுமல்ல. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதி, அச்சத்திற்கும் துயரத்திற்கும் வஸ்வாஸுக்கும் தனித்தனியே பரிகாரம் கூறினார். நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்தான வழி. ஓதிப் பார்ப்பதும் துஆவும் மருந்துக்குப் பகையல்ல. அவற்றோடு நிறுத்திக்கொண்டு மாதங்களைக் கடத்துவதே பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

அனஸ் (ரலி) அவர்கள் சுமார் பத்து வயதில் நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்து, பத்தாண்டுகள் உடனிருந்தார்கள். வாலிபம் மலர்ந்த அந்த ஆண்டுகளில் "சீ" என்ற ஒரு சொல்லைக்கூட அவர்கள் கேட்டதில்லை. உம்மத் முழுவதன் பொறுப்பையும் சுமந்த அந்தத் திருக்கரங்களைவிடவா நம் கைகளில் வேலை அதிகம்?

பெற்றோர்களே, பிள்ளையின் அறைக்கதவு சாத்தியிருந்தால் இன்றிரவே மெல்லத் தட்டுங்கள். முதலில் போர்த்துங்கள், பிறகு கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களின் நெஞ்சங்களை விரிவாக்கி, அவர்களை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.