கேட்பதற்காகச் சென்ற தையற்காரர்

இடம்பெயர்ந்த மக்களிடம் வருகின்றவர்கள் பெரும்பாலும் எதையாவது கொடுக்கவோ, சொல்லவோ, எழுதிக்கொண்டு போகவோதான் வருகின்றார்கள். நானும் கையில் படிவத்தோடு அப்படிப் பலமுறை போயிருக்கின்றேன். ஆகவேதான் 1763ஆம் ஆண்டில் ஒரு தையற்காரர் மேற்கொண்ட பயணம் என் மனத்தை உறுத்துகின்றது.

அவர் பெயர் ஜோன் வூல்மன். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் மவுண்ட் ஹொலி என்னும் ஊரில் வாழ்ந்தவர். கடை வியாபாரம் பெருகியபோது அது தம் மனத்தை இழுத்துக்கொள்வதாக உணர்ந்து, அதைக் கைவிட்டுத் தையலோடும் பழத்தோட்டத்தோடும் நின்றுகொண்டார். (நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்வோம்?) அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்ஸ் முதலியோர் தொடங்கிய சபை இது. அக்காலக் குவேக்கர்களிடம் குருக்களும் இல்லை, அருட்சாதனச் சடங்குகளும் இல்லை. ஒன்றுகூடி மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் இறைவன் தூண்டினால் ஆணோ பெண்ணோ எழுந்து பேசலாம். எல்லா மனிதரிலும் இறை ஒளி உண்டென்று நம்பியதால் ஆயுதம் ஏந்த மறுத்தார்கள்.

பயணத்தைச் சொல்லுமுன் காணிக் கதையைச் சொல்ல வேண்டும். குவேக்கரான வில்லியம் பென் 1681இல் பென்சில்வேனியாவைப் பெற்றபோது, லெனாப்பே என்னும் பூர்வீக மக்களிடம் நிலத்தை விலைபேசி வாங்கினார். அவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகள் ஒரு பழைய உறுதியைக் காட்டினார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை நிலம் தமக்குரியதென்று அதில் உண்டாம். 1737இல் காட்டில் முன்கூட்டியே பாதை வெட்டி, வேகமாகப் போகக்கூடிய மூவரைக் கூலிக்கு அமர்த்தி அளந்தார்கள். அந்த ஒன்றரை நாளில் லெனாப்பே மக்களின் கையைவிட்டுப் போனது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர்.

அந்த இனத்தாரில் சிலர் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் வையலூசிங் என்ற ஊரில் வாழ்ந்தார்கள். 1761இல் பிலடெல்பியா நகரில் அவர்களைச் சந்தித்த வூல்மனுக்கு, 200 மைல் தூரத்திலிருந்த அவ்வூருக்குப் போக வேண்டுமென்ற எண்ணம் வளர்ந்தது. 1763 ஜூனில் புறப்படவிருந்த சமயம் இரவில் செய்தி வந்தது: மேற்கே போர் மூண்டுவிட்டது, ஆங்கிலேயர் பலர் கொல்லப்பட்டுவிட்டனர். மனைவி சாரா மிகவும் கலங்கினார். ஆனாலும் அவர் போனார். அம்மக்களின் வாழ்வையும் அவர்களுக்குள் இருக்கும் ஆவியையும் உணர்ந்து, கூடுமானால் அவர்களிடம் எதையேனும் கற்பதே தம் நோக்கம் என்று தமது நாட்குறிப்பில் எழுதினார்.

மழையில் நனைந்தபடி மலைகளைக் கடந்தபோது அவர் கணக்குப் பார்த்தார். கடற்கரைப் பக்கத்து நல்ல நிலமெல்லாம் குடியேறியவர்கள் கையில். பூர்வீக மக்களோ கரட்டு மலைகளுக்கப்பால் இருந்துகொண்டு, வேட்டைத் தோல்களை வெகுதூரம் சுமந்து வந்து, வியாபாரிகளின் மதுவுக்குப் பறிகொடுக்கின்றார்கள். போரின் விதை தம்மவரின் வசதி ஆசையிலும் கிடப்பதை அவர் கண்டார். வழியில் ஒருவர் கைக்கோடரியோடு எதிர்ப்பட்டார். வூல்மன் முன்னே சென்று நட்பாகப் பேச, அம்மனிதர் உள்ளே வந்து அமர்ந்து புகைபிடித்தார்.

வையலூசிங்கில் மொராவியன் சபையின் மறைபரப்பாளர் டேவிட் சைஸ்பேகரும் வந்திருந்தார். இருவரும் ஒருவரோடொருவர் போட்டியிடவில்லை. ஒரு கூட்டத்தில், மொழிபெயர்ப்புத் தடுமாறியதால், வூல்மன் மொழிபெயர்ப்பவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தம் மொழியிலேயே செபித்தார். ஊர்த் தலைவர் பப்புனெஹாங் அதில் ஒரு சொல்லும் விளங்காமலே இருந்து, சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை உணர்வது தமக்கு விருப்பம் என்ற கருத்தைப் பிறகு சொன்னார். மறையுரைகளை எழுதித் தயாரிக்கக் குருமடத்தில் பல ஆண்டுகள் பழகிய எனக்கு இந்த இடத்தில் சற்று வெட்கம்.

அப்பயணத்தால் போர் நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் குடியேறிகளின் கும்பலொன்று போரில் சேராத கொனஸ்டோகா மக்கள் 20 பேரைக் கொன்றது. பப்புனெஹாங்கும் அவருடைய மக்களும் வேறு கிறிஸ்தவப் பூர்வீகக் குடிகளும் பாதுகாப்புக்காகப் பிலடெல்பியாவின் படைக் கொட்டில்களில் அடைக்கப்பட்டனர். அங்கே ஐம்பதுக்கு மேற்பட்டோர் நோயால் மாண்டனர். 1764 பெப்ரவரியில் கும்பல் நகரை நோக்கி வந்தபோது, குவேக்கர் இளைஞர் சிலர் அவர்களைக் காக்கத் துப்பாக்கி எடுத்தார்கள். அது சரியா பிழையா என்று சபைக்குள் நெடுங்காலம் வழக்கு நடந்தது. நான் அந்த இளைஞர்களைக் குறைகூறத் துணியேன்.

எஞ்சியவர்கள் 1765இல் வையலூசிங்குக்குத் திரும்பி, வீடு கட்டி, பயிர் செய்து, ஊருக்குச் ‘சமாதானக் குடில்கள்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1768இல் வேறு இனத் தலைவர்கள் அந்நிலத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1772இல் மக்கள் மறுபடியும் மூட்டை கட்டி ஒஹாயோ பக்கம் போனார்கள். அவ்வாண்டிலேயே வூல்மன் இங்கிலாந்தின் யோர்க் நகரில் பெரியம்மையால் இறந்தார்.

குழுக்களில் பேசுவதற்கு: உங்களைச் சந்திக்க வந்தவர்களுள் யாராவது உங்களிடமிருந்து ஏதேனும் கற்றுக்கொண்டு போனார்களா? அது என்ன? நீங்கள் இப்பொழுது குடியிருக்கும் அல்லது பயிர் செய்யும் காணியில் முன்பு இருந்தவர்கள் யார், அவர்கள் எங்கே போனார்கள்?