சைக்கிள் ஏன் மறப்பதில்லை?

கேள்வி: கூடப் படித்தவர்களின் பெயர்கூட மறந்துபோகிறது. பல வருடம் தொடாத சைக்கிளை மட்டும் ஏறியதுமே ஓட்ட முடிகிறதே, எப்படி?

பதில்: நீண்டகால நினைவில் வாயால் சொல்லக்கூடியவை ஒரு பக்கம், செய்துதான் காட்ட முடிகிறவை மறுபக்கம். சொல்லக்கூடியதையும் இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் கனடாவின் உளவியலாளர் எண்டல் டல்விங் (1972). இந்தியாவின் தலைநகர் புது டெல்லி என்பது பொருள் நினைவு. அதை எப்போது கற்றோம் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. டெல்லிக்கு முதன்முதலாக ரயிலேறிய இரவு நிகழ்வு நினைவு. பெயர்கள் முதல் வகை; முகத்தோடு ஒட்டிவைத்த வெறும் சீட்டுகள் என்பதால் எளிதில் கழன்றுவிடும்.

சைக்கிள் ஓட்டுவது செயல் நினைவு. இது தனி என்பதற்கு வலுவான சான்று ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-இல் செய்த அறுவை சிகிச்சையில், புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸில் மூளையின் இரு பக்கத்திலும் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாட்களில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன; முன்பு வரைந்ததோ அவருக்கு நினைவே இல்லை. கை கற்றதை மனம் அறியவில்லை!

இத்தகைய பழக்கங்களைப் பெரும்பாலும் சிறுமூளையும், மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளும் பார்த்துக்கொள்கின்றன. ஊசியைக் கண்டதும் உடல் விறைப்பதுபோன்ற பழகிய எதிர்வினைகளும் சொல்லில் அடங்காத இந்தப் பக்கத்தையே சேர்ந்தவை.